மெதுவாகத் திறந்த வால்வு

போன மாதம் லிஜி தொலைபேசியில் அழைத்தாள். பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியின் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள் அவள். அங்கே எல்லோருக்கும் நான் சேச்சி, அதாவது அக்கா.

"சேச்சி, நம்ம பழைய மெஷினைக் கழிச்சாச்சு, கேட்டீங்களா? புதுசு வந்தாச்சு. க்யூபை உள்ள வெச்சு பட்டனை அமுக்கினா மதி, போதும். வேகமெல்லாம் அதுவே பாத்துக்கும்."

"வால்வு?"

"வால்வே இல்லை சேச்சி."

அவள் சிரித்தாள். "என்ன, யாரோ செத்தது மாதிரி மிண்டாம, பேசாம இருக்கீங்க? ஒரு காரியம் கேக்கணும். லேப் கையேட்டில ஒரு ரூல் இருக்கே, ஒரு நாள் வார்க்கிற க்யூப் எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் மேல் பூச்சு பூசணும்னு. ஏன்னு பிள்ளைங்க கேக்குது. எனக்குத் தெரியலை. டீச்சர்கிட்ட கேட்டா, மீனாட்சிகிட்ட கேளுன்னு சொல்லிட்டாங்க."

எங்கள் பேராசிரியை பத்மஜா டீச்சர் அப்படித்தான் சொல்வார். அந்த விதி எப்படி வந்தது என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் மகள். அவள் சொல்ல மாட்டாள். எனவே நான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சுசீந்திரம் பக்கத்திலிருந்து, மலையாளம் பேசுகிற இந்த ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பிழைக்க வந்தவர். மொத்தக் கடையில் வேலை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்தேன். மூன்று வருடம் ஒரு கட்டடக் கம்பெனியில் நிழலே இல்லாத இடங்களில் நின்றேன். பிறகு கல்லூரியில் வேலை கிடைத்தது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். முதல் வருடம் முழுவதும் எனக்குக் கற்றுக்கொடுத்தவை இரண்டு: தொட்டித் தண்ணீரை மாற்றுவது, மெஷினை விட்டு விலகி நிற்பது. மற்றதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றேன்.

எங்கள் கூடத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டைப் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுர அச்சில் ஊற்றி, மூன்று அடுக்காகக் கம்பியால் குத்தி, மேற்புறத்தைப் பூச்சுக் கரண்டியால் வழித்துவிடுவோம். மறுநாள் அச்சைக் கழற்றினால் ஒரு கட்டை கிடைக்கும். அதைத்தான் க்யூப் என்போம். இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். பிறகு எடுத்து, சாக்கால் துடைத்து, எடை போட்டு, மெஷினின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்குவோம். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்பதுதான் அந்தக் கான்கிரீட்டின் பலம்.

பழைய மெஷினில் பாரத்தைக் கூட்டுவது ஒரு வால்வு. உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரம். அதைத் திறக்கிற அளவுக்கு எண்ணெய் ஏறும், தட்டு நெருக்கும், டயலில் கறுப்பு முள் நகரும். பத்து விநாடிக்கு ஐம்பது பாகம் என்பது எங்கள் கணக்கு. வேகமாக ஏற்றினால் கட்டை தன் உண்மையான பலத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். மெதுவாக ஏற்றினால் குறைவாகக் காட்டும். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஆராய்ச்சியில் சண்டையே அந்தச் சிறிய வித்தியாசத்தைப் பற்றித்தானே. அதனால் வலது கை வால்விலும், ஒரு கண் டயலிலும், ஒரு கண் சுவர்க் கடிகாரத்திலும் இருக்கும். என் கை மெஷினோடு பேசுகிறது என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். நான் பயந்த சுபாவம். வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள். அந்தப் பயம்தான் என்னை அந்த வேலைக்கு ஏற்றவளாக ஆக்கியது என்று நினைத்திருந்தேன்.

பத்மஜா டீச்சர் எங்கள் துறைக்கு வந்தபோது நான் பத்து வருடம் வேலை பார்த்திருந்தேன். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, குரல் உயராது. பாராட்டுக்கும் அவரிடம் ஒரே சொல், கண்டிப்புக்கும் அதே சொல்: "மதி." போதும் என்று அர்த்தம். எந்தப் 'போதும்' என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். க்யூப் உடையும்போது எல்லோரும் டயலைப் பார்ப்பார்கள். டீச்சர் உடைந்த கட்டையைப் பார்ப்பார். நான்கு பக்கமும் சமமாக உதிர்ந்து நடுவில் உடுக்கை மாதிரி நின்றால் சரி. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால், "நடுவில வெக்கலை மீனாட்சி" என்பார். அந்த எண்ணைச் சேர்க்க மாட்டார்.

அவர் வந்த இரண்டாவது மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவனின் முடிவுகள் அழகாக வந்தன. மிக அழகாக. டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது யாருடைய க்யூப்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். அவனே கொண்டு வந்து வெச்சான். சேச்சி, இது என்னோட தீசிஸ், பாத்து உடைங்கன்னு சொன்னான்."

"பாத்து உடைச்சியா?"

நான் விழித்தேன். அவர் கோபிக்கவில்லை. மறுநாளிலிருந்து உறை வழக்கம் வந்தது. வார்த்த மாணவர்கள் உடைக்கும் நேரத்தில் கூடத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாக் கட்டைகளையும் கலந்து, சீட்டுக் குலுக்கி, டீச்சரே சிவப்புப் பெயின்டில் எண் எழுதுவார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒரு பழுப்பு உறையில் ஒட்டப்பட்டு அவருடைய மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். ரிஜிஸ்டரில் இரண்டு பத்தி கூடின: பாரம் ஏற்றத் தொடங்கிய நேரம், உடைந்த நேரம். கடைசிக் கட்டை உடைந்த பிறகுதான் உறை திறக்கப்படும். யாருக்காக உடைக்கிறேன் என்று தெரியாமலே அடுத்த இருபது வருடம் உடைத்தேன்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே விதி. ஒருமுறை ஒரு காண்ட்ராக்டரின் ஆள் பாலம் கட்டுகிற இடத்திலிருந்து க்யூப் கொண்டு வந்தார். என் பக்கத்திலேயே நின்று, "மேடம், இது பாலத்துக்குள்ளது, மந்திரி வர்ற பாலம்" என்றார். டீச்சர் அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். வாசலுக்கு வெளியே, வெயிலில். டீயும் கொடுத்தார். கட்டைகள் தேறவில்லை என்ற காகிதத்தையும் அதே மரியாதையோடு கொடுத்தார்.

அந்த இருபது வருடத்தில் எத்தனை பிள்ளைகள்! தேங்காய் நாரைக் கலந்து கான்கிரீட்டில் ஒரு படகு செய்தது ஒரு வகுப்பு. அது மிதக்காது என்று நான் அடித்துச் சொன்னேன். குளத்தில் இறக்கியபோது கரையில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும், "ஏறாதீங்கடா, ஏறாதீங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஏறினார்கள். மிதந்தது. "சேச்சியும் வாங்க, நீங்க ஏறினாதான் இது டெஸ்ட்" என்று கூப்பிட்டார்கள். என் எடையை வைத்துச் செய்த அந்தக் கேலி அடுத்த மூன்று வகுப்புக்கும் ஓடியது. பெரிய கல்லூரிகளில் உள்ள கருவிகள் எங்களிடம் கிடையாது. எங்கள் பிள்ளைகள் வாளியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினார்கள். அவை அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எனக்குக் கொண்டு வந்து காட்டுவார்கள். எனக்குப் புரிவது அட்டவணை மட்டும்தான். அந்த எண்கள் நான் உடைத்தவை.

இனி என் மகளிடம் வருகிறேன்.

அபிராமிக்கு நுழைவுத் தேர்வில் எங்கள் கல்லூரியே கிடைத்தது. சிவில் வேண்டாம், வேறு எடு என்றேன். "நீங்க உடைக்கிறதை நான் கட்டப் போறேன், அவ்வளவுதானே?" என்றாள். வீட்டில் அவள் என்னிடம் தமிழ் பேசுவாள். கல்லூரியில் மலையாளம்தான், என்னிடமும்கூட. கூடத்துக்குள் வந்தால் மற்றவர்களைப் போலவே "சேச்சி" என்பாள். முதல் தடவை கேட்டபோது சிரிப்பும் வந்தது, நெஞ்சிலும் என்னவோ செய்தது.

கடைசி வருடம் அவளும் இரண்டு தோழிகளும் சிப்பி ஓட்டை எடுத்துக்கொண்டார்கள். காயல் கரையில் மலைபோலக் குவிந்து கிடக்கிற ஓடுகளைப் பொடித்து, சிமென்டில் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடுவது. இன்னொரு குழு கண்ணாடித் தூள். அதன் தலைவன் அனந்து, வாய் நீளமான பையன். மூன்றாவது குழு பாறைத் தூள். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் கலக்காத சாதாரணக் கான்கிரீட்டில் மூன்று க்யூபை ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வார்த்தார். ஆளுக்கு மூன்று, ஆக மொத்தம் பன்னிரண்டு. சாதாரணக் கான்கிரீட்டுக்குக் குறையாத பலம் எந்தக் குழுவுக்கு வருகிறதோ, அந்தக் குழு நாடு தழுவிய மாணவர் போட்டிக்குப் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அபி ஒரு வருடமாக அதைத் தவிர வேறு பேசவில்லை. சாப்பிடும்போதுகூடச் சிப்பிதான். அவள் அப்பா, "இனி இந்த வீட்டில மீன்கறி வெச்சா ஓட்டை எண்ணிக் குடுக்கணும் போல" என்பார்.

மகளின் கட்டைகளை நான் உடைக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். கூடத்தில் இன்னொரு பணியிடம் இரண்டு வருடமாகக் காலி. வேறு ஆள் இல்லை.

"உறை இருக்கே மீனாட்சி. எது யாருடையதுன்னு உனக்குத் தெரியாது. பின்னே என்ன?"

சரிதான் என்று பட்டது.

இருபத்தெட்டாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. காலையில் தொட்டியிலிருந்து பன்னிரண்டையும் எடுத்துத் துடைத்தேன். நனைந்த கான்கிரீட் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முதல் கட்டை, இரண்டாவது, மூன்றாவது. முள் ஒழுங்காக ஏறியது. ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே.

நான்காவதை மெஷினுக்குள் வைத்தேன். பூச்சுக் கரண்டியால் வழித்த முகம் மேலேயோ கீழேயோ வரக் கூடாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். என் வழக்கப்படி அதை என்னைப் பார்த்து வைத்தேன். அந்த முகத்தில் கரண்டி போன தடம் மெல்லிய வளைவுகளாக இருந்தது. எல்லாக் கட்டையிலும் இருக்கும். ஆனால் இதில் வளைவுகள் எதிர்ப் பக்கம் திரும்பியிருந்தன.

அபி இடது கைக்காரி. சின்ன வயதில் அவள் கோலத்தில் இழைகள் எதிர்ப் பக்கமாகச் சுழல்வதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அவள் வகுப்பில் வேறு இடது கைக்காரர்கள் இல்லை.

உறை இழுப்பறைக்குள் பத்திரமாக இருந்தது. என் மகள் என் முன்னால் இருந்தாள்.

அந்த நிமிடம் மெஷினை நிறுத்திவிட்டு டீச்சரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. தெரியாத மாதிரி இருந்துவிட்டால் தெரியாததுதானே என்று நினைத்தேன். ஒன்றை மட்டும் முடிவு செய்தேன்: அவளுக்குச் சாதகமாக எதுவும் நடந்துவிடக் கூடாது. வேகமாக ஏற்றிவிடக் கூடாது, கூடிவிடக் கூடாது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். முள் நகர்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்தேன். நறநறவென்று சத்தம் வந்து கட்டை உடைந்தது. சமமாக உதிர்ந்து உடுக்கையாக நின்றது. நேரங்களை இயந்திரம் போல எழுதினேன். ஏழாவதும் பதினொன்றாவதும் அதே இடது கைத் தடம்.

மத்தியானம் எல்லோர் முன்னாலும் டீச்சர் உறையைத் திறந்து, மூன்று மூன்றாகச் சராசரி பலத்தைப் படித்தார். சாதாரணக் கான்கிரீட் முப்பத்தெட்டு. கண்ணாடித் தூள் அதைவிட ஒன்றரை கூடுதல். அனந்து துள்ளினான். பாறைத் தூள் முப்பத்தாறு. சிப்பி ஓடு முப்பத்தேழு, அதற்கும் கொஞ்சம் கீழே.

அபி குறிப்பேட்டை மூடினாள். பேனாவைத் திறந்து, திரும்ப மூடினாள்.

எல்லோரும் போன பிறகு எண்களை ரிஜிஸ்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். நேரப் பத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஒன்பது கட்டைகளுக்கு இரண்டே முக்கால் நிமிடம். நான்கு, ஏழு, பதினொன்று, மூன்றுக்கும் நாலரை நிமிடத்துக்கு மேல். என் மகளுக்கு உதவிவிடுவேனோ என்ற பயத்தில் அவளுடைய கட்டைகளை மட்டும் நான் மெதுவாக நசுக்கியிருந்தேன். அவற்றின் பலம் குறைவாகக் காட்டியதில் என் கைக்குப் பங்கு இருக்கிறது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உடைந்ததைத் திரும்ப உடைக்க முடியாது.

சனிக்கிழமை வீட்டில் சொன்னேன். அவள் அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏட்டி, இதை நீ போய்ச் சொன்னா என்ன சொல்லுவாங்க? மக தோத்துட்டா, அதனால அம்மை வந்து கதை விடுதான்னுதானே சொல்லுவாங்க? முப்பது வருசம் ஒரு பேச்சு கேட்டது கிடையாது நீ."

"சொல்லலைன்னா அந்த எண்ணு பொய்யில்லா?"

"கொஞ்சமா உள்ள பொய்யி."

அபி சுவரில் சாய்ந்து நின்றாள். "அம்மா, பேசாம இருங்க. எனக்காகன்னு யாரும் ஒண்ணும் பண்ணாண்டாம். அனந்து என்ன சொல்லுவான்னு தெரியும்லா உங்களுக்கு? நான் தோத்தது தோத்ததாவே இருக்கட்டும்."

"மக்களே, நீ தோத்தியான்னே எனக்குத் தெரியலை. அதான் பிரச்சினை."

அவள் உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கதவு மூடியே இருந்தது.

திங்கட்கிழமை காலை ரிஜிஸ்டரோடு டீச்சர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. ரிஜிஸ்டரை வாங்கி நேரப் பத்தியில் விரலை ஓட்டினார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

"முதல்ல தெரிஞ்சது எந்தக் க்யூப்?"

"நாலு."

"எதை வெச்சு?"

"கரண்டித் தடம். இடது கை."

"அதுக்கு முன்னாடி மூணு?"

"தெரியாது டீச்சர். சத்தியமா."

"சத்தியம் வேண்டாம். நேரம் இருக்கு, மதி."

எழுந்து கூடத்துக்கு வந்தார். உடைந்த துண்டுகள் அப்போதும் மூலையில் குவிந்து கிடந்தன. டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலுக்குள் குந்தி உட்கார்ந்தார். துண்டு துண்டாக எடுத்து, வழித்த முகங்களைத் தரையில் வரிசையாக அடுக்கினார். நானும் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் இருக்கும். இடது கைத் துண்டுகள் தனியாக ஒரு வரிசை ஆயின. ஒரு குழந்தைகூட அவற்றைப் பிரித்து வைத்துவிடும். டீச்சர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பரை மறைச்சேன். கையை மறைக்கலை" என்றார். "இருபது கொல்லமாயிட்டு இது என் தப்பு மீனாட்சி. உன்னுது வெள்ளிக்கிழமை மாத்திரம்."

கொல்லம் என்றால் வருடம். என்னை ஆறுதல்படுத்த அவர் அப்படிச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தின் அடியில் என்னை எழுதச் சொன்னார்: நான்காவது கட்டையில் வார்த்தவரை அடையாளம் கண்டேன், அதன் பின் பாரம் ஏற்றிய வேகம் சரியில்லை. கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அவர் எழுதினார்: அடையாளம் தெரியும்படி கட்டைகள் இருந்தது என் பிழை. பன்னிரண்டு முடிவுகளும் ரத்து.

"பன்னிரண்டுமா டீச்சர்?" என்றேன். "மத்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. ஆனா நாலுக்கு அப்புறம் உன் மனசு எங்க இருந்துன்னு உனக்கே தெரியாது. மூணை மட்டும் தள்ளினா அது உன் மகளுக்குச் செய்ற உபகாரம். பன்னிரண்டையும் தள்ளினா அது டெஸ்ட் சரியில்லைங்கிறது."

பத்து மணிக்கு மாணவர்களைக் கூப்பிட்டார். தானே சொல்லாமல் என்னைச் சொல்ல வைத்தார். சொல்லி முடித்ததும் நான் எதிர்பார்த்தது வந்தது.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றான் அனந்து. "சேச்சியோட மகள் தோத்தா எங்க க்யூபும் செல்லாது. மகள் ஜெயிச்சிருந்தா இந்தக் குற்றபோதம் வந்திருக்குமா சேச்சி?"

வந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கேட்டது நியாயமான கேள்வி.

போட்டிக்கு அறிக்கை கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்றால், இரண்டு நாளுக்குள் வார்த்தாக வேண்டும். ஒரு தடவைக்கு மேல் வாய்ப்பில்லை. பாறைத் தூள் குழுவின் பெண்கள் முணுமுணுத்தார்கள். அபி அதுவரை என்னைப் பார்க்கவில்லை. அப்போதும் என்னைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"டீச்சர், இந்தத் தடவை பன்னிரண்டுக்கும் நானே பூசுறேன். அனந்துவோடதும் நானே."

"எங்களோடதை நீயா?" என்றான் அனந்து.

"நீ பக்கத்தில நின்னு பாத்துக்கோ. எல்லாத்திலயும் இடது கை இருந்தா யாருடையதுன்னு யாருக்குடா தெரியும்?"

அனந்து தலையைச் சொறிந்தான். "எங்க க்யூபைக் கொஞ்சம் அழகாப் பூசு, கேட்டோ. உன் கோலம் போடாதே."

யாரோ சிரித்தார்கள். டீச்சர், "மதி" என்றார். அது பாராட்டு.

மறுநாள் விடுமுறை. ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். அவரவர் கலவையை அவரவர் குழைத்துக் குத்தினார்கள். என் மகள் பன்னிரண்டு அச்சுகளின் முன்னால் வரிசையாகக் குனிந்து ஒவ்வொன்றையும் வழித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் கரண்டி போக வேண்டும் என்று அனந்துதான் சொன்னான். அவனே உரக்க எண்ணினான். முதல் நாள் என்னைக் கேட்ட கேள்வியை மறந்த மாதிரி எனக்கும் டீ வாங்கி வந்தான். ஒருவரிடம் தோற்றால் அவமானம் என்று நினைக்கிற வயது அது. அந்த வயதில், எது உண்மை என்று தெரிந்துகொள்ள எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். என் முப்பது வருடத்தில் நான் பார்த்த பெரிய சாதனை எது என்று கேட்டால் மிதந்த படகைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலையைச் சொல்வேன்.

இருபத்தெட்டாம் நாள், என் ஓய்வுக்கு மூன்று நாள் முன்பு வந்தது. வேறு யாரையாவது உடைக்கச் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் கெஞ்சினேன்.

"வால்வு தெரிஞ்ச ஆள் நீதான். உட்காரு."

கடிகாரம் டயலுக்கு நேர் மேலே மாற்றி மாட்டப்பட்டிருந்தது. யார் மாட்டினார்கள் என்று கேட்கவில்லை. முதல் கட்டையை வைத்தேன். வளைவுகள் எதிர்ப் பக்கம் திரும்பியிருந்தன. உடைத்தேன். இரண்டாவதை வைத்தேன். அதே தடம். மூன்றாவதும். நான்காவதை வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எது யாருடையது என்று தெரியாமல் இருக்க அபி ஒரு வழி கண்டுபிடித்தாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு. பன்னிரண்டும் அவளுடையவையாக இருந்தன. ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றுக்குப் பயப்படாமல் இருக்க வழியே இல்லை. பத்து விநாடிக்கு ஐம்பது, பத்து விநாடிக்கு ஐம்பது என்று வாய் முணுமுணுத்தது. கை ஈரமாகவே இருந்தது. ஆனாலும் ஒரே மாதிரி திறந்தது.

உறை திறந்தது. சாதாரணக் கான்கிரீட் முப்பத்தெட்டு. கண்ணாடித் தூள் ஒன்று கூடுதல். பாறைத் தூள் முன்பு போலவே. சிப்பி ஓடு முப்பத்தேழரை.

அரைப் புள்ளி குறைவு. அபி தோற்றுத்தான் போயிருந்தாள்.

டீச்சர் உடைந்த கட்டைகளைப் பார்த்தார், நேரங்களைப் பார்த்தார். பன்னிரண்டுக்கும் இடையில் சில விநாடிகள்தான் வித்தியாசம். அபியைப் பார்த்து, "குறைவுதான். ஆனா இது சிப்பியோட எண்ணு, மீனாட்சியோட எண்ணு இல்லை" என்றார். கையேட்டில் புதிய விதியை அன்றே பென்சிலில் எழுதினார். யார் யோசனை என்று பெயர் போடவில்லை. ஆனால் 'ஒரே ஆள்' என்று எழுதிவிட்டு, அழித்து, 'ஒரே கை' என்று எழுதினார். அச்சடித்தவர்கள் அதைத் திரும்ப 'ஆள்' ஆக்கிவிட்டார்கள்.

போட்டிக்கு அனந்து போனான். தன் பேச்சில் ரத்தான முதல் சோதனையையும் சொன்னானாம். நடுவர்கள் கண்ணாடித் தூளைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். இரண்டாம் பரிசு. திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு வந்து, கோப்பையை அபி கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப வாங்கிப் போய்விட்டான். "படம் உனக்கு, கப்பு எனக்கு" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினான்.

அபி இப்போது அதே டீச்சரிடம் மேற்படிப்பு படிக்கிறாள். பத்தில் ஒரு பங்குக்குப் பதில் இருபதில் ஒரு பங்கு சிப்பி. எப்படி வருகிறது என்று நான் கேட்பதில்லை. சமையலறையில் குழாயைத் திறக்கும்போதுகூட என் கை சில நாள் தயங்கி நிற்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கும் தெரியும். அவர் வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போவார்.

லிஜி அழைத்த இரண்டு நாள் கழித்து நானே அவளிடம் பேசினேன். பழைய மெஷினைப் பார்க்க வருகிறேன் என்றேன். போனபோது அது வராந்தாவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. வால்வுச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே புது மெஷின் சத்தமே இல்லாமல் ஒரு கட்டையை நசுக்கிக்கொண்டிருந்தது. வேகம் திரையில் ஓடியது, ஒரு விநாடியும் பிசகவில்லை. அந்தக் கட்டையைப் பெற்றெடுத்தவள் யார் என்று மெஷினுக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றுமில்லை. நல்லதுதான் என்று நினைத்தேன்.

தொட்டிக்கு அருகில் வேறொரு வகுப்பு அச்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பூச்சுக் கரண்டியை எடுத்து எல்லாவற்றையும் வரிசையாக வழித்தாள். வலது கைக்காரி. என்னை அவளுக்குத் தெரியாது.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "இது யாருடையதுன்னு நீங்க பாக்கக் கூடாது."

நான் தள்ளி நின்றேன்.